தங்கக் கோப்பையும் கதவடைப்பும்

2025 செப்டம்பர் 26 முதல் 28 வரை, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு அடுத்த ஃபார்மிங்டேல் என்ற ஊரில் ஒரு கோல்ப் பந்தயம் நடந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரு கட்சி. ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர் எதிர்க் கட்சி. ஐரோப்பா 15, அமெரிக்கா 13 என்று கணக்கு முடிந்தது. ரைடர் கோப்பை என்ற தங்கக் கோப்பை ஐரோப்பியரிடமே தங்கிற்று.

கோல்ப் ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறிய வெள்ளைப் பந்து ஒன்று. அதை நீண்ட கோலால் அடித்து அடித்துப் பதினெட்டுக் குழிகளில் ஒவ்வொன்றாக விழச் செய்யவேண்டும். குறைந்த அடியில் முடித்தவன் ஜெயித்தவன். ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் இந்த ஆட்டத்துக்கு நூறு, நூற்றைம்பது ஏக்கர் நிலம் வேண்டும். உழுவதற்கு ஒரு ஏக்கர் கிடைக்காதா என்று தவிக்கும் கூலி விவசாயிக்கு இதைச் சொன்னால் சிரிப்பான். சிரித்துவிட்டு, நிலம் யாருடையது என்று கேட்பான்.

அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்கப் போகிறோம். இந்தக் கோப்பையின் நூறு வருஷக் கதையைக் கிளறிப் பார்த்தால், அது ஒரு கதவின் கதையாக இருக்கிறது. யார் உள்ளே வரலாம், யார் வாசலில் நிற்கவேண்டும், உள்ளே போனவன் வெளியே நிற்பவனுக்கு என்ன செய்தான் என்பதே அந்தக் கதை. கதவடைப்பு என்றால் என்னவென்று மில் தொழிலாளிக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே பார்ப்போம்.

விதைப் பொட்டலம் விற்றவர்

கோப்பைக்குப் பெயர் தந்த சாமுவேல் ரைடர் பிரபு வம்சத்தில் பிறந்தவரல்ல. 1858ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தார். லங்காஷயர் என்ற பெயர் நமது பஞ்சாலைத் தொழிலாளருக்குப் புதிதல்ல. நம் நாட்டு நெசவாளனின் வயிற்றில் அடித்த துணியெல்லாம் அந்தச் சீமையிலிருந்து வந்ததுதான். ரைடர் செய்தது விதை வியாபாரம். செயிண்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் இருந்துகொண்டு, பூ விதைகளையும் காய்கறி விதைகளையும் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பொட்டலம் ஒரு பென்னி என்று தபாலில் அனுப்பினார். வீட்டுக்குப் பின்னால் நாலு முழ மண் வைத்திருந்த தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை. சனிக்கிழமை அரைநாள் விடுமுறையில் தொழிலாளி தன் தோட்டத்தில் இறங்குவான். அதற்குள் பொட்டலம் கைக்கு வந்து சேரும்படி வெள்ளிக்கிழமையே தபாலில் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் எங்கிருந்து வந்தது? எந்த மில் முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. வேலை நேரத்தைக் குறைக்கவேண்டும் என்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகக் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பிறகு வந்த 1850ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில்தான், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பெண்களையும் சிறுவர்களையும் பஞ்சாலையில் வேலை வாங்கக்கூடாது என்று எழுதினார்கள். தொழிலாளி போராடிப் பெற்ற ஓய்வு நேரம், விதை வியாபாரிக்குச் சந்தையாயிற்று. பென்னி பென்னியாகச் சேர்ந்த பணம் ரைடரைச் செல்வந்தராக்கிற்று. 1905ல் அவர் ஊர் மேயரானார்.

ஐம்பது வயதை ஒட்டி உடம்பு தளர்ந்தபோது, திறந்த வெளியில் நடமாட்டம் வேண்டும் என்பதற்காக ரைடர் கோல்ப் ஆடத் தொடங்கினார். கற்றுக்கொடுக்க ஏப் மிட்செல் என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். மிட்செல் தோட்ட வேலை செய்தவர். உழைப்பாளிகளுக்கென்று தனியே வைத்திருந்த கிளப்பில் ஆடி வளர்ந்தவர். அந்த உழைப்பாளிக் கிளப்புகளின் ஏற்பாடு என்ன தெரியுமா? கனவான்கள் ஆடாத நேரத்தில் தொழிலாளிகள் ஆடிக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக மைதானத்தைச் செப்பனிட்டுக் கொடுக்கவேண்டும். ஆட்டத்துக்கும் கூலி உழைப்பாகவே வசூலிக்கப்பட்டது.

ரைடர் 250 பிரிட்டிஷ் பவுன் செலவில் தங்கக் கோப்பை செய்வித்தார். கோப்பையின் மூடிமேல் கோல் பிடித்து நிற்கும் சிறிய உருவம் மிட்செலுடையதே. தங்கத்தின் உச்சியில் ஒரு தோட்டத் தொழிலாளி நிற்கிறார். கீழே தரையில் அவருடைய சகோதரர்கள் எங்கே நின்றார்கள் என்பதை இனிப் பார்க்கலாம்.

1926: சுரங்கமும் கோப்பையும்

கோப்பை முதலில் 1926 ஜூன் மாதமே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் வென்ட்வொர்த் என்ற இடத்தில் பிரிட்டிஷ் தொழில்முறை ஆட்டக்காரர்களும் அமெரிக்கர்களும் மோதினார்கள். 13½-க்கு 1½ என்று பிரிட்டிஷ் அணி ஜெயித்தது. ஆனால் ரைடர் கோப்பையைக் கொடுக்கவில்லை. ஏன்? அமெரிக்கர்களில் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பதே கடைசிவரை நிச்சயமாகாமல் போயிற்று. காரணம், அந்த வருஷம் மே மாதம் பிரிட்டிஷ் தொழிலாளி வர்க்கம் நாட்டையே நிறுத்திக் காட்டியிருந்தது.

நிலக்கரி முதலாளிகள் கூலியைக் குறைக்கவேண்டும், வேலை நேரத்தைக் கூட்டவேண்டும் என்றார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். சுமார் பத்து லட்சம் பேருக்குக் கதவடைப்பு. அவர்களுக்கு ஆதரவாக மே 3 நள்ளிரவு முதல் ரயில், துறைமுகம், அச்சகம், எஃகு என்று பதினேழு லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒன்பது நாட்களுக்குப் பின், மே 12ல், தொழிற்சங்க காங்கிரஸின் தலைவர்கள் சரணடைந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் சரணடையவில்லை. குளிர்காலம் நெருங்கும் வரை, பிள்ளை குட்டிகளோடு பட்டினி கிடந்து போராடினார்கள். சோவியத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து நிதி திரட்டி அவர்களுக்கு அனுப்பினார்கள்.

வென்ட்வொர்த்தில் பந்து உருண்ட அந்த ஜூன் மாதத்தில் சுரங்கங்களின் கதவு அடைத்தே கிடந்தது. ரைடர் கோப்பையைப் பற்றிய சரித்திரங்களில் இந்த வேலைநிறுத்தம் ஒரு வரியில், பிரயாணத்துக்கு நேர்ந்த இடைஞ்சல் போல வந்து போகிறது. நாம் அதை அப்படிப் படிக்கமாட்டோம். பணக்காரனின் பொழுதுபோக்குக்கும் தொழிலாளி ஓட்டும் ரயிலும் கப்பலும்தான் வேண்டும் என்பதை அந்த ஒரு வரி ஒப்புக்கொள்கிறது.

மறு வருஷம், 1927ல், அமெரிக்காவில் வொர்செஸ்டர் என்ற ஊரில் முதல் முறையான பந்தயம் நடந்தது. பிரிட்டிஷ் அணியின் வழிச்செலவுக்கு 3,000 பவுன் திரட்ட ஒரு பத்திரிகை கிளப்புகளிடம் கையேந்திற்று. பெரும்பாலான கிளப்புகள் கையை விரித்தன. 500 பவுன் குறைய, ரைடரும் அந்தப் பத்திரிகை ஆசிரியரும் ஈடுகட்டினார்கள். பிரிட்டனின் மானம் என்று மேடையில் முழங்கிய கனவான்களுக்கு, அந்த மானத்தைச் சுமந்துபோன தொழிலாளிக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக்கொடுக்க மனம் வரவில்லை. அமெரிக்கா 9½-க்கு 2½ என்று ஜெயித்தது.

முன்வாசல் யாருக்கு?

இந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் யார்? இன்று இவர்கள் கோடீஸ்வரர்கள். அன்று அப்படியல்ல. கனவான்களின் பின்னால் கோல்கள் நிறைந்த பையைச் சுமந்து நடந்த சிறுவர்கள், புல் வெட்டியவர்கள், கோல் செதுக்கிப் பழுது பார்த்தவர்கள். அவர்களில் கைத்திறன் மிக்கவர்கள் வளர்ந்து கிளப்பின் ஊழியர்கள் ஆனார்கள். எஜமானுக்குப் பந்தடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். எஜமானைவிட நன்றாக ஆடுவார்கள். ஆனால் கிளப் கட்டிடத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. ஆட்டக்காரர் பட்டியலில், பொழுதுபோக்காக ஆடும் கனவானின் பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ உண்டு. பிழைப்புக்காக ஆடுபவனுக்கு வெறும் பெயர்தான்.

ஜே.ஹெச். டெய்லர் என்பவர் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். பை சுமந்தார், கொத்தனாருக்குச் சித்தாளாக வேலை செய்தார். பிறகு பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தில் ஐந்து முறை வென்றார். பந்தும் கோலும் விற்று நாலு காசு பார்க்கும் உரிமையையும் தொழில்முறை ஆட்டக்காரர்களிடமிருந்து கிளப்புகள் பிடுங்கப் பார்த்தபோது, 1901ல் அவர்களை ஒன்று சேர்த்துச் சங்கம் அமைத்ததில் டெய்லர் முன்னின்றார். தனித்தனியே கும்பிட்டு நின்றவர்கள் சங்கமாக நிமிர்ந்தார்கள். அதே டெய்லர் 1933ல் ரைடர் கோப்பையில் பிரிட்டிஷ் அணிக்குத் தலைமை தாங்கி வெற்றியும் தேடித் தந்தார்.

அமெரிக்காவில் வால்டர் ஹேகன் என்று ஒருவர். ரயில்வே பட்டறையில் கொல்லு வேலை செய்தவரின் மகன். அவரும் பை சுமந்து வந்தவர்தான். 1920ல் பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்துக்காக இங்கிலாந்தில் டீல் என்ற ஊருக்குப் போனார். தொழில்முறை ஆட்டக்காரன் கிளப்புக்குள் உடை மாற்றக்கூடாது என்று தடுத்தார்கள். ஹேகன் சண்டை போடவில்லை. பெரிய மோட்டார் கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, கிளப்பின் முன்வாசலுக்கு நேரே நிறுத்தச் சொல்லி, அதற்குள்ளேயே தினமும் உடை மாற்றினார். ஆட்டத்தில் அவருக்கு அம்முறை 53வது இடம்தான் கிடைத்தது. ஆனால் முன்வாசலில் நின்ற கார் கனவான்களின் கண்ணை உறுத்திற்று. 1923ல் ட்ரூன் என்ற ஊரில், வாரம் முழுதும் அடைத்திருந்த கிளப் கதவைப் பரிசளிப்புக்கு மட்டும் திறந்து அவரை அழைத்தார்கள். அவர் உள்ளே போக மறுத்து, கூடியிருந்த ஜனங்களைச் சாராயக் கடைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே 1920ல் அமெரிக்காவில் டொலீடோ நகரத்து இன்வர்னெஸ் கிளப், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தன் கதவைத் திறந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, நன்றிக்கு அடையாளமாக ஆளுயரக் கடிகாரம் ஒன்றை அந்தக் கிளப்புக்குப் பரிசளித்தார்கள். முன்வாசல் வழியாக உள்ளே போவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதை அந்தக் கடிகாரம் சொல்லும். 1927ல் ரைடர் கோப்பைக்கு முதல் அமெரிக்கக் கேப்டனாக வந்து நின்றவர் அந்த ஹேகன்தான்.

இதுவரை கதை நமக்கு உவப்பானதே. உழைத்தவன் சங்கம் கண்டான், தலை நிமிர்ந்தான், முன்வாசல் வழியாக உள்ளே போனான். பிறகு என்ன செய்தான்?

உள்ளே போனவன் போட்ட பூட்டு

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 1916ல் ஏற்பட்டது. ரைடர் கோப்பைக்கு அமெரிக்க அணியை அனுப்புவது இந்தச் சங்கம்தான். சங்கத்தின் அங்கத்தினராக இல்லாதவன் அணியில் சேர முடியாது. அப்படிப்பட்ட சங்கம் 1934ல் தன் விதிகளில் ஒரு ஷரத்தைச் சேர்த்தது. வெள்ளை இனத்தவர் மட்டுமே அங்கத்தினராகலாம் என்ற ஷரத்து!

யோசித்துப் பாருங்கள், தோழர்களே. சில வருஷங்களுக்கு முன்புவரை வாசலில் நிறுத்தப்பட்டவர்கள். அவமானம் இன்னதென்று அனுபவித்து அறிந்தவர்கள். கதவு திறந்ததற்கு நன்றியாகக் கடிகாரம் கொடுத்தவர்கள். அவர்களுடைய சங்கமே, தங்களைப் போலப் பை சுமந்து வளர்ந்த கறுப்பு இனத் தொழிலாளியின் முகத்தில் கதவைச் சாத்திற்று.

பில் ஸ்பில்லர் என்ற கறுப்பு இனத்தவர் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். படிப்புக்கேற்ற சம்பளத்தில் வேலை கிடைக்காமல் லாஸ் ஏஞ்சல்ஸ் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினார். கோல்ப் ஆட்டத்தில் தேர்ந்தார். 1948ல் கலிபோர்னியாவில் ரிச்மாண்ட் என்ற ஊரில் நடந்த பந்தயத்துக்குத் தகுதி பெற்று, பயிற்சி ஆட்டமும் ஆடிய பிறகு, அவரையும் அவருடைய தோழர்களையும் வெளியேற்றினார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சங்கம் என்ன செய்தது? இனிப் பாகுபாடு காட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது, வழக்கு வாபஸாயிற்று. அதன் பிறகு பந்தயங்களுக்கு அழைப்பின் பேரில் நடப்பவை என்று பெயர் சூட்டினார்கள். அழைப்பு யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வெள்ளைத்தாளில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாசலில் பூட்டுப் போடும் இந்தப் பித்தலாட்டத்தை நமது மில் நிர்வாகங்களிடமும் நாம் பார்த்திருக்கிறோம்.

சார்லி சிஃபர்டும் பை சுமந்த சிறுவனாகத் தொடங்கியவரே. அவருடைய பிரச்னையை 1959ல் கலிபோர்னியா மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் ஸ்டான்லி மாஸ்க் கையில் எடுத்தார். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் மைதானங்களை நிறவெறிச் சங்கத்துக்குக் கொடுக்க முடியாது என்று நெருக்கினார். சங்கம் முதலில், லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கவிருந்த தன் பெரிய பந்தயத்தை வேறு மாகாணத்துக்கு மாற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தது. முடியவில்லை. 1961 நவம்பரில் அந்த ஷரத்து ரத்தாயிற்று. சிஃபர்டு பிறகு 1967லும் 1969லும் பெரிய பந்தயங்களில் வென்றார். ஆனால் அவருடைய நல்ல வயதெல்லாம் கதவுக்கு வெளியே கழிந்துபோயிற்று. ரைடர் கோப்பையில் அவர் ஆடவே இல்லை. அந்தக் கோப்பைக்காக ஆடிய முதல் கறுப்பு அமெரிக்கர் லீ எல்டர். வருஷம் 1979. முதல் பந்தயம் நடந்து 52 வருஷங்களுக்குப் பின்!

பெண்களுக்கும் இதே கதிதான். 1973ல் ரைடர் கோப்பை நடந்த ஸ்காத்லாந்தின் மூயர்ஃபீல்டு கிளப், பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள 2017ல்தான் வாக்களித்தது. இது போன நூற்றாண்டின் கதையல்ல என்பதைக் கவனியுங்கள்.

நம் வீட்டுக் கதவு

அமெரிக்காவின் நிறவெறியைத் திட்டிவிட்டு இத்தோடு முடித்துக்கொண்டால் நமக்குச் சிரமமில்லை. ஆனால் கம்யூனிஸ்டுகள் சுயவிமரிசனத்துக்கு அஞ்சக்கூடாது.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஊடை நூல் தீர்ந்ததும் புது நூலை நாடாவுக்குள் மாட்டி, அதன் முனையை வாயால் உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். ஒருவன் வாய் வைத்த நாடாவில் தாழ்த்தப்பட்ட சாதிக்காரன் வாய் வைத்தால் தீட்டு என்று சொல்லி, நெசவுப் பகுதியில் அவர்களைச் சேர்க்கவிடாமல் தடுத்தார்கள். தடுத்தது முதலாளி மட்டுமல்ல. கூட வேலை செய்த சாதி இந்துத் தொழிலாளியும்தான். அதிகக் கூலி கிடைத்த பகுதி அதுதான் என்பதையும் மறக்கக்கூடாது. 1928ல், கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தின் போது, டாக்டர் அம்பேத்கர் இதைக் கேட்டார். முதலாளியின் அநியாயத்தை எதிர்க்கும் நீங்கள், உங்களுக்குள்ளிருக்கும் இந்த அநியாயத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்பதே அவர் கேள்வியின் சாரம். அவர் நெருக்கிய பிறகுதான் அது கோரிக்கைப் பட்டியலில் ஏறிற்று.

வெள்ளை ஆட்டக்காரன் கறுப்பு ஆட்டக்காரனுக்குப் போட்ட பூட்டும், சாதித் தொழிலாளி சேரித் தொழிலாளிக்குப் போட்ட பூட்டும் ஒரே பட்டறையில் செய்தவை. சாவி இரண்டுக்கும் முதலாளியிடம் இருக்கிறது. உள்ளே இருப்பவன் கூலி உயர்வு கேட்டால், வெளியே நிற்பவனைக் காட்டி மிரட்டுவான். வெளியே நிற்பவன் நியாயம் கேட்டால், உள்ளே இருப்பவனைத் தூண்டிவிடுவான். பூட்டுப் போட்டவன் தன் கையையும் சேர்த்தே பூட்டிக்கொள்கிறான். நமது கிளைகளில், நமது சங்க ஆபீசின் நாற்காலிகளில், விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் பெண்கள் உட்காரும் இடத்தில், இந்தக் கதவு இன்னும் எங்காவது பாதி சாத்தியபடி நிற்கிறதா? ஒவ்வொரு தோழரும் தமது கிளையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘தேசத்துக்காக ஆடு, கூலி கேட்காதே!’

இப்போது கூலி விஷயத்துக்கு வருவோம். ரைடர் கோப்பையில் ஆடுகிறவனுக்குப் பரிசுப் பணம் கிடையாது. நாட்டுக்காக ஆடுவதே பெருமை என்பது சம்பிரதாயம். டிக்கெட் விற்கிறார்கள், டெலிவிஷன் உரிமை விற்கிறார்கள், பீர் விற்கிறார்கள், தொப்பி விற்கிறார்கள். விற்கிறவன் எவனும் தேச பக்திக்காக இலவசமாகக் கொடுப்பதில்லை. ஆடுகிறவனிடம் மட்டும் தேச பக்தி கேட்கிறார்கள்.

1999ல் அமெரிக்க ஆட்டக்காரர்கள் சிலர் இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். அந்த வருஷத்திலிருந்து ஆளுக்கு 2 லட்சம் டாலர் அவர்கள் பெயரில் தர்மத்துக்குக் கொடுக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அதை 5 லட்சமாக உயர்த்தினார்கள்: 3 லட்சம் தர்மத்துக்கு, 2 லட்சம் ஆட்டக்காரன் கைக்கு. ஐரோப்பியர்கள் எதுவும் வாங்காமல் ஆடினார்கள், ஜெயித்தும் விட்டார்கள். காசு கேட்டவன் தோற்றான், கேட்காதவன் ஜெயித்தான் என்று சிலருக்கு ஒரே குதூகலம்.

நாம் இந்தக் குதூகலத்தில் சேரமாட்டோம். உழைப்பை வைத்து ஒருவன் லாபம் எடுத்தால், உழைத்தவன் கூலி கேட்பது நியாயம். நாட்டுக்காக, நிறுவனத்தின் மானத்துக்காக, குடும்பம் போன்ற உறவுக்காக என்று சொல்லி ஓவர்டைம் கூலியை விழுங்கும் பேச்சு நமக்கு மிகவும் பழக்கமானது. அந்தப் பேச்சு கோடீஸ்வர ஆட்டக்காரனிடம் பேசப்பட்டாலும் மோசடிதான்.

ஆனால் இந்த ஆட்டக்காரர்களை நாம் கொண்டாடவும் முடியாது. அவர்கள் போட்ட பேரத்தில் பேசப்பட்ட இரண்டு தொகையும் ஆட்டக்காரன் பெயரில்தான் இருந்தன. அதே மைதானத்தில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். அவர்களுக்குக் கூலி இல்லை. போட்டுக்கொள்ளும் சீருடைக்கும் அவர்களே பணம் கட்டினார்கள். டெய்லர் 1901ல் சங்கம் கண்டது எல்லோருக்குமாக. 2024ல் நடந்தது தனக்காக மட்டும் நடந்த பேரம். பை சுமந்தவனின் வாரிசுகள் பை சுமந்த நாளை மறந்துவிட்டார்கள்.

வேலையற்றோர் கட்டிய மைதானம்

கடைசியாக, நிலம் யாருடையது என்ற அந்தக் கூலி விவசாயியின் கேள்வி.

2025 பந்தயம் நடந்த பெத்பேஜ் மைதானம் எந்தப் பிரபுவின் கிளப்பும் அல்ல. நியூயார்க் மாகாணத்தின் பொதுப் பூங்கா அது. முன்பு ஒரு ரயில்வே முதலாளியின் எஸ்டேட்டாக இருந்த நிலத்தை 1930களில் மாகாணம் எடுத்துக்கொண்டது. அமெரிக்க முதலாளித்துவம் குப்புற விழுந்து கோடிக்கணக்கான மக்கள் வேலையின்றித் திரிந்த பெருமந்த காலம் அது. தெருவில் நின்ற தொழிலாளர்களை நிவாரண வேலைக்கு அமர்த்தி, மண் வெட்டி, மேடு திருத்தி, அந்த மைதானங்களை உண்டாக்கினார்கள். பந்தயம் நடந்த ‘பிளாக்’ மைதானம் 1936ல் திறக்கப்பட்டது. இன்றும் சாதாரண மக்கள் குறைந்த கட்டணத்தில் அங்கே ஆடலாம். இடம் பிடிப்பதற்காக முதல் நாள் இரவே வந்து, காருக்குள் படுத்துத் தூங்கி, விடியற்காலையில் வரிசையில் நிற்கிறார்கள். பணக்காரர்களின் ஆட்டம் என்றே பிறந்த ஓர் ஆட்டத்தை, வேலையற்றோரின் உழைப்பும் பொது நிலமும் சேர்ந்து மக்களின் ஆட்டமாக ஆக்கிக் காட்டிய இடம் அது.

அந்த இடத்திலேயே ரைடர் கோப்பை நடந்தபோது ஒரு நாள் டிக்கெட்டின் விலை என்ன? 749 டாலர் 51 சென்ட்! டிக்கெட்டோடு சாப்பாடு உண்டு என்றார்கள். இருக்கட்டும். அந்த வட்டாரத்தில் 2025ல் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16½ டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் உள்ளே நின்று பார்ப்பதற்கு ஒரு தொழிலாளி 45 மணி நேரத்துக்கு மேல் உழைக்கவேண்டும். எட்டு மணி வேலைநாள் கணக்கில் ஏறக்குறைய ஆறு நாள். அமெரிக்க மத்திய சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி, 2009ல் நிர்ணயித்த 7 டாலர் 25 சென்ட். அந்தக் கூலிக்காரனுக்கு 103 மணி நேர உழைப்பு; பதின்மூன்று நாள் வேலை. பாட்டன் மண் சுமந்து கட்டிய மைதானத்துக்குப் பேரன் டிக்கெட் வாங்க முடியாது. கதவுக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது. பழைய பூட்டில் நிறம் எழுதியிருந்தது. புதுப் பூட்டில் விலை எழுதியிருக்கிறது.

உள்ளே போனவர்களில் ஒரு கூட்டம் என்ன செய்தது? ஐரோப்பிய அணியின் ரோரி மெக்கில்ராயை மூன்று நாளும் ஆபாசமாக ஏசிற்று. அவருடைய மனைவியின் மேல் பான டம்ளரை வீசினார்கள். பந்தயத்தை நடத்திய அமெரிக்கச் சங்கத்தின் தலைவர்கள் பின்னால் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மெக்கில்ராய் யார்? வட அயர்லாந்தில் பிறந்தவர். பிள்ளையின் ஆட்டச் செலவுக்காக அவருடைய தகப்பனார் மது விடுதியில் பரிமாறினார், கழிப்பறை கழுவினார். தாயார் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தார். இரவு ஷிப்ட் பார்த்த தாயின் மகனை, எழுநூற்றைம்பது டாலர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் தேசத்தின் பெயரால் ஏசினார்கள். தேச வெறி என்ற சாராயம் தலைக்கேறினால் வர்க்கம் கண்ணுக்குத் தெரியாது. கொடியைக் காட்டி மக்களை மோதவிடுகிறவனுக்கும் அதுதான் வேண்டும்.

நாம் சொல்வது என்ன?

விளையாட்டுக்கு நாம் விரோதிகள் அல்ல. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வில் ஆட்டம் வேண்டும். எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தியது, மிச்ச நேரத்தில் மனிதனாக வாழ்வதற்காகத்தான். பெத்பேஜ் போலப் பொது நிலத்தில், பொதுப் பணத்தில், எல்லோருக்குமாக மைதானம் இருந்தால் அதில் பந்து உருண்டால் என்ன, பந்தயம் நடந்தால் என்ன? வரவேற்போம்.

அடுத்த ரைடர் கோப்பைக்கு 2027ம் வருஷமும், அயர்லாந்தின் அடேர் மேனரும் குறிக்கப்பட்டிருக்கின்றன. முன்பு டன்ரேவன் பிரபு வம்சத்தின் மாளிகையாக இருந்த இடம். இன்று ஒரு கோடீஸ்வரரின் ஹோட்டல். முதல் பந்தயத்தின் நூறாவது வருஷம் அது. விதை விற்ற ரைடரின் பெருமையைப் பேசுவார்கள். ஹேகனின் காரைச் சொல்லிச் சிரிப்பார்கள். தங்கக் கோப்பையின் உச்சியில் நிற்கும் தோட்டத் தொழிலாளியைப் படம் பிடிப்பார்கள். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய பில் ஸ்பில்லரைச் சொல்வார்களோ, மாட்டார்களோ. 1926ல் கதவடைக்கப்பட்ட பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர்களைச் சொல்லமாட்டார்கள்.

நாம் சொல்வோம். ஒரு கதவு திறந்தால், திறந்தவன் தான் மட்டும் நுழைந்துவிட்டுச் சாத்தக்கூடாது. அடுத்தவன் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். சங்கம் என்பதற்கு நாம் அறிந்த அர்த்தம் இதுதான். மில் வாசலிலும், வயல் வரப்பிலும், நம் வீட்டுத் திண்ணையிலும் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்போம்.